நத்தம் லோடு

சாவு வீட்டில் யார் எவ்வளவு அழலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அது தெரியாமலே சமூகவியலில் முதுகலை வரை படித்தவன் நான்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் படித்தபோது, 'பங்கேற்று நோக்கல்' என்ற ஆய்வு முறையின் மேல் எனக்குப் பைத்தியம். கேள்வித்தாளோடு போனால் மக்கள் பதிலுக்குப் பவுடர் பூசித்தான் தருவார்கள், அவர்களில் ஒருவராகக் கலந்தால்தான் உண்மை தெரியும் என்பார் எங்கள் பேராசிரியர். (கலந்தபின் எப்படி வெளியே வருவது என்பதை மறுநாள் நடத்தினாராம். நான் லீவு.)

கன்னிவாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் லாரி டிரைவர் ஒருவர் இறந்திருந்தார். மூன்றும் பெண் பிள்ளைகள். சாவுச் சடங்கில் உறவுமுறை என்பதுதான் என் ஆய்வு. யாரிடமும் சொல்லாமல் போய் ஆண்களோடு உட்கார்ந்தேன்.

"கருவாட்டுக் குழம்பு வையி, வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனீகளே!" என்று அரற்றினார் அவர் மனைவி. எந்தக் கேள்வித்தாளிலும் சிக்காத வரி. எனக்கும் கண் கலங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கலக்க வேண்டுமே! மற்ற ஆண்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் விக்கி விக்கி அழுதேன்.

பந்தலில் குசுகுசுப்பு. இறந்தவரின் தம்பிக்கும் மைத்துனருக்கும் வாக்குவாதம் முற்றியது. 'உறவினரிடையே பதற்றம்' என்று மகிழ்ச்சியோடு மனத்தில் குறித்துக்கொண்டேன். பதற்றமே நான்தான் என்று தெரியாது.

தம்பி வந்து என் தோளைத் தொட்டார். "அழாத அப்பு. நத்தம் லோடு, நத்தம் லோடுன்னு அண்ணன் ஓடுறப்பவே நெனச்சேன். சட்டையக் கழட்டு. கொள்ளிச்சட்டிய நீதான் தூக்கணும்."

அந்நியனுக்கு இவ்வளவு பெரிய அங்கீகாரமா! பெருமிதத்தோடு சட்டையைக் கழற்றினேன். கழுத்தில் சிலுவை ஆடியது.

"ஏலே, சிலுவைடா! அந்தப் பொம்பள வேதக்காரியா?" என்று கத்தினார் மைத்துனர்.

நத்தத்தில் அவருக்கு இன்னொரு வீடு, நான் அந்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைக் காப்பாற்ற வேண்டிய சிலுவையே சாட்சியாகிவிட்டது.

அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "உங்கம்மா பேரென்ன அப்பு?"

"ஆரோக்கியமேரி."

திரும்பிக் கணவரைப் பார்த்தார். காலையிலிருந்து 'போனீகளே' என்று அழுதவர், "எந்திரிய்யா! எந்திரிச்சு இதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ!" என்றார்.

பாவம், அவரால் முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். "அம்மா, நான் அவரப் பாத்ததே இல்லம்மா. காலேஜுல படிக்கிறேன். ஆராய்ச்சிக்கு வந்தேன்."

"பாத்ததே இல்லாத ஆளுக்கா இம்புட்டு அழுக?"

நியாயமான கேள்வி. கல்லூரி அடையாள அட்டையை நீட்டினேன். அப்பா பெயரை மைத்துனர் இரண்டு முறை உரக்கப் படித்தார். அந்த அம்மாள் மெதுவாகப் போய்க் கணவரின் மாலையைச் சரிசெய்தார். "தெரியாமச் சொல்லிட்டேங்க," என்றார். மறுபடி 'போனீகளே' தொடங்கியது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

உள்ளே போனதால்தான் அந்தக் குழம்பு வரி காதில் விழுந்தது. நான் உள்ளே போனதால்தான் இறந்தவர் மானமும் ஒரு மணி நேரம் போனது. இதைத்தான் அந்த முறையின் நிறை, குறை என்று பின்னால் பரீட்சையில் எழுதினேன்.

சட்டையைக் கேட்கத் துணிவில்லாமல் பனியனோடு பஸ் ஏறினேன். வீட்டில் கதை தெரிந்த நாளிலிருந்து, ஆசிரியரான என் அப்பா ஸ்பெஷல் கிளாஸ் முடித்துத் தாமதமாக வந்தால்கூட அம்மா, "என்ன, நத்தம் லோடா?" என்பார்.

இப்போது என் மகளும் சமூகவியல். போன வாரம் முதல் களப்பணிக்குக் கிளம்பினாள். அடையாள அட்டை, எழுத்துபூர்வ அனுமதி, என் போன் நம்பர் எல்லாம் இருக்கிறதா என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போனேன்.

"பயப்படாதீங்கப்பா," என்றாள். "யாருக்கும் பிள்ளையாகாம திரும்பி வாரேன்."