நோக்கட்டே அண்ணனின் பாதி சார்ஜ்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, ஒரு கார் வாங்க நோக்கட்டே அண்ணனைப் போல யோசித்த மனிதர் பிறந்ததில்லை. இனி இன்னொருவர் பிறந்தால் இந்த ஊர் தாங்காது, பிள்ளைகளே.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கும். எங்களுக்கு அவர் நோக்கட்டே. 'இரு, பார்க்கிறேன்' என்பதை மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். சாயா குடிக்கிறீர்களா என்று கேட்டாலும் அதுதான் பதில். ஆறிப்போன பிறகுதான் டம்ளரைத் தொடுவார்.

எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனது அவருடைய பழைய வேன். ஒருநாள் அது கோயில் மேட்டில் புகை விட்டு நின்றது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடினார். கரண்டு கார் எடுக்கப்போவதாகவும் அடுத்த வாரம் வந்துவிடுவதாகவும் அண்ணன் சொன்னார். நம்பினோம். அந்த வாரம் முதல் என் ஸ்கூட்டரில் என் மகள் அபி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, அவர்களுடைய பைகள், மிஞ்சிய இடத்தில் நான்.

கரண்டு காரில் மூன்று காரியம் பார்க்க வேண்டுமாம். எனக்கு அண்ணன் இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு கல்யாணப் பந்தியில். எதிர் வரிசையைக் கண்ணால் காட்டினார்.

"அந்தத் தடியனப் பாரு மக்கா. வெளம்பி முடியதுக்குள்ள எலை காலி. அதாக்கும் சார்ஜ் ஏறுற வேகம். ஆனா கை கழுவ நடந்தாலே அவனுக்கு மூச்சு எளைக்கும். பக்கத்துல தொந்திக்காரரு, ஒரு நேரம் உண்டா நாகர்கோவில் வரைக்கும் நடப்பாரு. அது ரேஞ்சு. உண்டு எழும்ப சாயங்காலம் ஆவும். அந்த மெலிஞ்ச அம்மச்சி ரெண்டு உருண்டச் சோத்துல நாள் முழுக்க மரச்சீனிக் கெழங்கு பிடுங்குவா. ஒரு யூனிட்டுல எவ்வளவு ஓடும்னு கேக்கது அதாக்கும். மூணும் சேந்த ஒரு ஆளக் காட்டு, நாளைக்கே வண்டி எடுக்கேன்."

அந்தப் பந்தியில் அப்படி ஒருவரும் இல்லை. என் ஸ்கூட்டர் கஷ்டம் தீரட்டுமென்று, அடுத்த பந்தியிலும் நின்று தேடிப் பார்த்தேன்.

ஓட்டிப் பார்க்கக் காட்டாக்கடை ஊர்ப் பக்கத்துக் கார்க் கடைக்குப் போனபோது, பிள்ளைகளின் எடைக்குச் சமமாகப் பலாப்பழங்களை ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் சீட் பெல்ட் போட்டார். கம்பெனி சொல்லும் தூரம் மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம் மாதிரி, ஏற்றத்தில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும் என்பது அவர் கட்சி. அந்தக் கார் ஒரு வாரம் பலாப்பழம் மணத்ததாகக் கேள்வி.

பிறகு ஹைவேயில் சார்ஜ் போடும் இடத்தில் போய் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளியை நலம் விசாரிப்பதுபோல வருகிற வண்டிகளையெல்லாம் விசாரித்தார். எண்பது சதவீதம் வரை ஓடி ஏறும் கரண்டு அதன்பின் ஊர்ந்துதான் ஏறுகிறது என்று கண்டுபிடித்து வந்தார். பாயசம் வந்துவிட்டால் யாரும் மெதுவாகத்தானே சாப்பிடுவார்கள் என்று சமாதானமும் சொன்னார்.

மழைக்காலம் வந்தது. கார் வரவில்லை. நனைந்த பிள்ளைகளோடு எல்லாரும் அவர் வீட்டு வாசலில் கூடினோம். பள்ளிக்கூடம் இதோ இருக்கிறது. எந்தக் காரும் போதும். இவர் மட்டும் ஏன் திருவனந்தபுரம் போய்த் திரும்பும் ரேஞ்சு கேட்கிறார் என்று சத்தம் போட்டோம். அவர் தலையைச் சொறிந்தார்.

"நோக்கட்டே."

மறுநாள் முதல் அதியன்னூர்க்காரர் ஒருவரின் வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறிப்போனார்கள். அபி மட்டும், அண்ணன் கார் வந்தால்தான் ஏறுவேன் என்று அழுதாள். ஸ்கூட்டரில் நாங்கள் இருவரும் நனைந்தோம். இந்த மனிதர் பிழைப்பும் போயிற்று, என் முதுகும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒருநாள் கார் வந்தது. கரண்டு கார் அல்லவா, சத்தமே இல்லை. தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று காரியத்திலும் நடுத்தரமான வண்டி. ரேஞ்சில் மட்டும் ஒரு படி கூடுதல். ஏறுவதற்கு அபி ஒருத்திதான் இருந்தாள்.

வெயில் காலம் வந்ததும் பிள்ளை தினமும் வேர்வையில் குளித்து வந்தாள். ஏசி போட மாட்டாராம். நான் எட்டிப் பார்த்தேன். மீட்டரில் பாதிக்கு மேல் சார்ஜ். எனக்கு வந்ததே கோபம்.

"இவ்வளவு சார்ஜ் கெடக்கு. அடைகாக்கவா அண்ணே வச்சிருக்கீரு?"

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அந்தப் பாதி அவளுக்காக வச்சதாக்கும், மக்கா. பள்ளிக்கூடத்துல அவளுக்கு என்னமாவது ஒண்ணு வந்தா, எங்கயும் நிக்காம திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணும். முன்ன ஒருக்கா, வேற ஊர்ப் பிள்ளையள ஏத்தி ஓட்டும்போ, காய்ச்சக்காரப் பிள்ளையோட வேன் நடுவழியில நின்னாச்சு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆவல்ல." கொஞ்ச நேரம் துடைத்தார். "எனக்குத்தான் ஆச்சு."

நான் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய் இதைச் சொன்னேன். திரும்ப அவரிடமே பிள்ளைகளை அனுப்புங்கள் என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: நோக்கட்டே.

அந்தப் பாதி இன்றுவரை தேவைப்படவில்லை. நேற்றும் அபி வேர்த்து வழிய வந்து முறையிட்டாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்து விசிறிக்கொள், மக்கா என்று சொல்லிவிட்டேன்.