ரிமார்க் அண்ணாச்சியும் குழிந்த மட்டைகளும்

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏறிய எந்தச் சரக்கும் ரிமார்க் அண்ணாச்சியின் கண்ணிலிருந்து தப்பியது கிடையாது. உலகத்தையே சாக்கில் கட்டி அவர் முன்னால் இறக்கி வைத்திருந்தாலும், 'உருப்படி ஒன்று, பெறப்பட்டது, தென்பக்கம் வெயிலில் கருகியுள்ளது' என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, வேறெங்கும் இல்லை. நாசரேத்துக்காரர். ஒரு கப்பல் ஏஜென்சியில் டாலி சூப்பர்வைசர். அதாவது கப்பலிலும் தோணியிலும் ஏறும் மூட்டைகளை எண்ணி, ஐந்துக்கு ஒரு கட்டாகக் கோடு போட்டுத் தாளில் ஏற்றுகிறவர்களுக்குத் தலைவர். அந்தத் தாளின் கடைசியில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் அதில் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அண்ணாச்சிக்கு அந்தக் கட்டம்தான் தாள்; மேலே இருப்பதெல்லாம் அதற்கு முன்னுரை. 'இரண்டு மூட்டை தையல் விட்டது. ஒரு மூட்டை மூலையில் ஈரம். ஒன்றில் எலி.' கட்டம் போதாவிட்டால் தாளைத் திருப்பி எழுதுவார். அதே ஆபீசில் அந்தத் தாள்களைக் கோப்பில் சேர்க்கிற குமாஸ்தா நான். 1971 முதல் 1979 வரை அவர் எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்த ஒரே வாசகன் நானாகத்தான் இருப்பேன்.

பழக்கம் துறைமுக வாசலோடு நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் சபையின் போதகரை ஐயர் என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்த ஐயரிடம் அண்ணாச்சி சொன்னார்: "பிரசங்கம் நல்லபடியா வந்து சேந்துது ஐயரே. நடுவுல ரெண்டு இடத்துல நனைஞ்சிருந்துச்சு."

அடுத்த வாரப் பிரசங்கம் பத்து நிமிஷம் குறைந்தது.

பெண் பார்க்க வந்த கதையை அவர் மனைவியே சொல்லுவார். "எங்க வீட்டு ஆளுக எல்லாருக்கும் முன்னால, 'எனக்குச் சம்மதம். இடது புருவம் வலது புருவத்தைவிட நூலளவு மேல இருக்கு. அதையும் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்'னாவ. எங்க அப்பா எந்திரிச்சே போயிட்டாவ. எனக்கு என்னன்னா, இந்த மனுசன் பொறவு புதுசா ஒரு குறையைக் கண்டுபிடிச்சுட்டு வந்து நிக்க மாட்டாவன்னு ஒரு தைரியம்."

இப்படிப்பட்டவருக்கு இருந்த ஒரே உல்லாசம் கோல்ஃப். ஊருக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டி, வெள்ளைக்கார மில் மேனேஜர்கள் போட்டுவிட்டுப் போன ஒன்பது குழி மைதானம் ஒன்று இருந்தது. மைதானம் என்றால் மணல், உடைமரம், ஆடு. புல் கிடையாது. குழியைச் சுற்றி மட்டும் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி வழவழப்பாக இழுத்து வைத்திருப்பார்கள்; அதற்குப் பிரவுன் என்று பெயர். ஊர்க்காரர்கள் மொத்த விளையாட்டையும் குழிப்பந்து என்று சொல்லி முடித்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் மூன்று பேர் ஆடுவோம்: அண்ணாச்சி, நான், தண்டல்.

தண்டல் என்றால் தோணியை நடத்திச் செல்கிற தலைவர். எங்கள் தண்டல் முப்பது வருஷம் கொழும்புக்குத் தோணி ஓட்டிவிட்டுக் கரையேறியவர். ஒருமுறை அவர் தோணியில் போன மிளகாய் மூட்டைகள் கொழும்பில் கிழிந்து இறங்கின. வழியில் கைவைத்துவிட்டான் என்று பழி வந்தது. அண்ணாச்சியின் ரிமார்க் கட்டத்தில் 'ஏழு மூட்டை கரையிலேயே கிழிசல்' என்று இருந்த ஒரு வரிதான் அவரைக் காப்பாற்றியது. அந்த நன்றிக்குத்தான் குழிப்பந்துக்கு வர ஆரம்பித்தார். "முப்பது வருசம் கடல்ல கெடந்தேன். ஒரு நா இம்புட்டு நடந்ததில்ல வே" என்று முனகிக்கொண்டேதான் ஒவ்வொரு குழிக்கும் வருவார்.

அண்ணாச்சியிடம் இருந்தவை ஒரு ஸ்காட்லாந்து மேனேஜர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன இரும்பு மட்டைகள். பிளேடு என்பார்கள். தலை மெல்லியது, முதுகு மொழுக்கென்றிருக்கும். முகத்தில் அஞ்சு பைசா அளவுக்கு ஓர் இடம். அந்த இடத்தில் பந்து பட்டால், வாழைப்பழத்தில் ஊசி இறங்கினாற்போல, பட்டதே தெரியாது. ஒரு நூல் தள்ளிப் பட்டாலோ உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மின்சாரம் பிடித்தாற்போல அதிரும். அண்ணாச்சிக்கு அந்த அதிர்ச்சி பிடித்திருந்தது. "தப்புப் பண்ணினா அப்பமே சொல்லுது பாரு தம்பி. இதைவிட நாணயமான மேஸ்திரி கிடையாது" என்பார், கையை உதறிக்கொண்டே.

மேஸ்திரி கையைத் தின்றுகொண்டிருந்தது. 1975 ஆடியில் அவருடைய வலது கைப் பெருவிரலின் அடிமூட்டு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். "இந்த அதிர்ச்சி நிக்காட்டி இன்னும் ஒரு வருஷத்துல பேனா பிடிக்க முடியாது. ஒண்ணு விளையாட்டை விடுங்க, இல்ல எழுத்தை விடுங்க" என்றார் டாக்டர். ஓய்வு பெற அண்ணாச்சிக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. எழுத முடியாத டாலி சூப்பர்வைசர் நாக்கில்லாத மணி.

வெளியே வந்ததும் அண்ணாச்சி, "டாக்டர் நல்லாத்தான் பாத்தாரு. ஆனா சுவர்க்கடிகாரம் நாலு நிமிஷம் பிந்தி ஓடுது" என்றார். மட்டையை விடுவது பற்றிப் பேச்சே இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு வெளிநாட்டுக் கப்பல் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் பதினொரு நாள் வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தது. அதன் தலைமை எஞ்சினியர் பொழுது போகாமல் எங்கள் மைதானத்துக்கு வந்து எங்களோடு ஆடினார். அவர் மட்டைகளை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. தலையின் முதுகைக் கரண்டியால் தோண்டி எடுத்தாற்போலக் குழித்திருந்தார்கள். நடுவிலிருந்து எடுத்த கனத்தை ஓரங்களில் சேர்த்திருந்தார்கள். அதனால் ஓரத்தில் பட்டாலும் பந்து ஏறக்குறைய போகவேண்டிய இடத்துக்கே போனது. கையும் அதிரவில்லை. அடிக்கு அடி அண்ணாச்சி முகம் சுளிப்பதை இரண்டு சனிக்கிழமையும் பார்த்த அந்த மனிதர், கப்பல் புறப்படும்போது பையோடு மட்டைகளை எங்கள் ஆபீசில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். 'கை வலிக்கிற பெரியவருக்கு' என்று ஒரு சீட்டு.

அண்ணாச்சி பையைத் திறந்து எண்ணினார். "உருப்படி எட்டு. எல்லாத்துக்கும் முதுகுல பள்ளம்" என்று சொல்லி மூடி வைத்துவிட்டார்.

தண்டல் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார். "அடிச்சுப் பாத்துட்டு ரிமார்க் எழுதும். பாக்காம எழுதுறது உமக்கு அழகில்ல" என்றார். அது அண்ணாச்சியின் நெஞ்சில் சரியான இடத்தில் பட்டது.

சோதனையை அண்ணாச்சியே வகுத்தார். தண்டலின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து மட்டையின் முகத்தில் பூசவேண்டும். பந்து பட்ட இடம் தெரியும். பிளேடில் இருபது பந்து, குழிந்ததில் இருபது பந்து. நான் கோடு போடவேண்டும். வெயில் இறங்கும் வரை நடந்தது. பிளேடில் நடுவில் பட்டவை நாலு. மற்றவை பெரும்பாலும் பாதி வழியில் மணலில் செருகின. குழிந்த மட்டையிலும் நடுவில் பட்டவை அதே நாலுதான். ஆனால் பதினைந்து பந்துகள் பிரவுன் வரை போய்ச் சேர்ந்திருந்தன.

"பாத்தியா தம்பி? அடிக்கிறவன் அதே ஆளு. நாலே நாலு. மத்த பதினொண்ணும் பொய்."

"பொய் இல்ல அண்ணாச்சி" என்றார் தண்டல். "தப்பு எங்கயும் போவல. உம்ம கைக்குள்ள போகாம இரும்புக்குள்ள போவுது."

"இரும்புக்குள்ள போச்சுன்னா எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பந்தைப் பாரும்."

"பந்துதான் நல்லாப் போவுதே வே."

"நல்லாப் போனா என்ன வே உமக்கு?" தண்டலுக்குக் கோபம் வந்துவிட்டது. "தோணிப் பாயைக் கட்டுற கயித்தை இறுக்கிக் கட்டினா காத்துல மரம் முறிஞ்சிரும். கொஞ்சம் விட்டுத்தான் கட்டுவோம். அது பொய்யா?"

அண்ணாச்சி பெருவிரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பிளேடுகளைத் துடைத்துப் பையில் வைத்தார். அடுத்த சனிக்கிழமையும் அதே பிளேடுகளோடு வந்தார். நாணயமான கையா, நல்ல கையா என்ற கேள்வியில் அவர் எந்தப் பக்கம் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வருஷம் என்று டாக்டர் சொன்னதை நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் கோப்பில் சேர்க்க எடுத்த தாளின் கடைசிக் கட்டத்தில் குறுக்காக ஒரு கோடு இருந்தது. வேறு யாரோ எழுதிய தாள் என்று நினைத்துக் கையெழுத்தைப் பார்த்தேன். அண்ணாச்சியுடையதுதான். அடுத்த தாளிலும் கோடு. அந்த வாரத்தில் அப்படி நாலு தாள். ஆபீசில் "அண்ணாச்சி திருந்திட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள். தன் சரக்கில் குறை எழுதப்படாததில் ஏற்றுமதிக்காரர் ஒருவர் மகிழ்ந்துபோய் ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பு அனுப்பினார்.

நாலாவது தாளுக்குரிய வெங்காய மூட்டைகள் தோணியில் ஏறக் காத்துக் கிடங்கில் இருந்தன. போய்ப் பார்த்தேன். ஐந்து மூட்டைகளில் தையல் வாய் பிளந்திருந்தது. தோணி மறுநாள் காலையில் கொழும்புக்குப் புறப்படுவதாக இருந்தது. அங்கே இறங்கும்போது அந்த ஐந்து மூட்டைகளுக்கு யார் தலை உருளும் என்பது, எங்கள் தண்டலோடு ஆடியவனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தாளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். கிடங்கு வாசலில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். தாளை நீட்டினேன். அவர் கோட்டைப் பார்த்தார், பிறகு உள்ளே மூட்டைகளைப் பார்த்தார்.

"பேனா நிக்க மாட்டேங்குது தம்பி" என்றார். "கோடு இழுக்கது சுளுவா இருந்துச்சு. முதல் தாள்ல, கை வலிக்கேன்னு போட்டேன். ரெண்டாவதுலயும் அப்பிடித்தான். இந்தத் தாள்ல போடும்போது வலியை நெனைக்கக்கூட இல்ல. அஞ்சு மூட்டைதானன்னு தோணிச்சு." கோட்டின்மேல் விரலை வைத்தார். "எனக்கு அப்பிடித் தோணினதே இல்ல, பாத்துக்கோ."

பேனாவைக் கேட்டு வாங்கினார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு மேலேயே எழுதினார். 'ஐந்து மூட்டை தையல் விட்டது.' நாலு சொல். தெருமுனைக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம், அவ்வளவு நேரம் ஆயிற்று. சரக்கு முன்பே போய்விட்ட மூன்று தாள்களுக்கு, தன் நினைவில் இருந்த கிழிசல்களையெல்லாம் சொல்லி, கொழும்பு ஏஜெண்டுக்குக் கடிதம் டைப் அடிக்க வைத்தார். மக்ரூன் பெட்டியும் திரும்பிப் போனது. 'மூடி சரியாகப் பொருந்தவில்லை' என்று அதற்கும் ஒரு குறிப்பு; அதை என்னை எழுதச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை மழை விட்டிருந்தது. அண்ணாச்சி குழிந்த மட்டைகளோடு வந்தார். நானும் தண்டலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம். மட்டை முகத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு அடித்தார். பந்து ஈர மணலில் உருண்டு பிரவுன்மேல் ஏறி நின்றது.

"நல்ல அடி" என்றார் தண்டல்.

அண்ணாச்சி மட்டையைத் திருப்பிச் சுண்ணாம்பைப் பார்த்தார். "இல்ல. ஓரம்." சட்டைப் பையிலிருந்து ஸ்கோர் அட்டையையும் ஒரு கட்டைப் பென்சிலையும் எடுத்தார். மட்டை சொல்லாவிட்டால் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார். எழுதியதை எங்களிடம் காட்டினார்: 'முதல் குழி. இரண்டாவது அடி ஓரத்தில் பட்டது. பந்துக்குத் தெரியாது.'

தை பிறந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. எறும்பு ஊர்ந்தாற்போல இருந்த அவருடைய எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாகப் பெரிதாகி, பிறகு மெல்ல மெல்ல ஒரு நிதானத்துக்கு வந்தது. டாலி தாள்களைத் திருப்பித் திருப்பி வாசிக்கிற வேலை எனக்கும் மறுபடி வந்தது. ஆனால் ஒன்பது குழி ஆடி முடிக்கத்தான் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். பின்னால் வருகிறவர்கள் பொறுமையிழந்து எங்களைத் தாண்டிப் போவார்கள். "நீரு எழுதி முடிக்கதுக்குள்ள நான் கொழும்பு போயிட்டுத் திரும்பிருப்பேன் வே" என்பார் தண்டல்.

சொல்லிக்கொண்டேதான் நகருவார். சாயங்கால வெயில் உப்பளத்துத் தண்ணீரில் பட்டு அந்த வெள்ளை அட்டையில் கூசும். அண்ணாச்சி கண்ணை இடுக்குவார். தண்டல் தன் அகலமான உடம்பை மேற்குப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவார். அவர் தோளுக்கு மேலே மிஞ்சுகிற வெளிச்சத்தை மறைக்க நான் போய் நின்றுகொள்வேன். பென்சில் கடைசிப் புள்ளியை வைக்கும்வரை இரண்டு பேரும் அசைவதில்லை.