பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம்

மொக்போ,
வெள்ளிக்கிழமை பிற்பகல்.

தீவில் காற்றோடும் கடலோடும் மல்லுக்கட்டிக்கொண்டு சுகமாயிருக்கும் என் அருமைத் தங்கை ஒக்ரானுக்கு, அண்ணன் போங்பில் அன்போடு எழுதிக்கொள்வது. நான் நலம். என் முட்டிவலியும் குறைவில்லாமல் நலம். மாப்பிள்ளையும் அவருடைய கடற்பாசிக் கயிறுகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நேற்று போனில் பாதி உன் அழுகை, பாதி காற்று, நான் சொன்ன எதுவும் உன் காதில் ஏறவில்லை என்பதால் எழுத்தில் தருகிறேன். என் வீட்டில் தங்கிப் படிக்கும் உன் மகள் சோதாம் கல்லூரி நுழைவுத் தேர்வை இரண்டாம் முறையாக எழுதி முடித்துவிட்டாள். போன வருடம் முதல் தாளில் ஒன்பது கேள்விகள் மிச்சமிருக்க மணி அடித்து, அழுதபடி வெளியே வந்து நாலு நாள் போர்வைக்குள்ளேயே கிடந்த அதே பெண், நேற்று ஒரு கேள்வியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. இதற்கு யார் காரணம் என்று என் வாயால் சொல்லிக்கொள்வது அழகல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

காற்றால் கப்பல் நின்று உன்னால் வரமுடியாமல் போனதும் எல்லாப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை அனுப்பிய பாசிப் பெட்டியை ஒரு மாதமாகவே நான் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. பாசி சூப் குடித்துவிட்டுப் போகிற பிள்ளை தேர்வில் வழுக்கி விழும் என்று பாசி வளர்க்கிற உனக்கா நான் சொல்லவேண்டும்? பெட்டியை, நான் வீட்டுச் சாமான் ஏற்றுகிற லாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இப்போது லாரி முழுக்க உன் தீவு வாசனை. போன வாரம் ஒரு வீட்டம்மா, தன் மெத்தையை மீன் வண்டியில் ஏற்றமாட்டேன் என்று நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அதை விடு. நேற்றுக் காலை பள்ளிக்கு இரண்டு தெரு முன்னால், லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "மாமா, நின்னுபோச்சு" என்றாள். உதட்டில் ரத்தமே இல்லை. தேர்வறையில் சுவர்க்கடிகாரம் கிடையாது, எண் மின்னுகிற கடிகாரத்தைக் கொண்டுபோகக் கூடாது, முள் ஓடுகிற கடிகாரம்தான் பிள்ளைகளுக்குத் துணை. நேரத்தால் ஒருமுறை செத்துப் பிழைத்த பெண் அவள். நான் சட்டென்று என் கடிகாரத்தைக் கழற்றினேன். நடுக்கடலில் ஒரு கப்பலையே காப்பாற்றியதற்காகக் கேப்டன் ஒருவர் பரிசளித்தாரே, அதே கடிகாரம். (ஸ்டேஷன் எதிரே சந்தையில் வாங்கியது என்று நீ சொல்வாய். நீ அந்தக் கடலில் இருந்தாயா?) "இந்தா, கட்டிக்கோ. இருபது வருஷத்துல ஒரு நொடி தப்பினதில்ல" என்றேன். வாசலில் இறங்கியவள் சற்று நேரம் குனிந்து நின்று பட்டையைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கதவைச் சாத்தினார்கள். வெளியே ஐந்நூறு பேர். சரி, ஐம்பது. அதில் தொப்பி போட்ட ஒருவர், வானிலை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம், தேர்வைப் புகழ ஆரம்பித்தார். "ஒரே நாள், ஒரே தாள், திருத்தறது ஒரே மெஷின். மந்திரி மகளும் லாரிக்காரர் மருமகளும் அதுக்கு ஒண்ணுதான். இதைவிட நியாயம் எங்க இருக்கு?" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "வீடு மாத்திக் குடுக்கறவன் சொல்றேன், கேளுங்க. ஒரு வீட்டுக்குள்ள என்னென்ன சாமான் இருக்குன்னு வாசல்ல நின்னு பாத்தே சொல்லிட முடியுமா? பன்னிரண்டு வருஷமாப் படிச்சுச் சேத்ததை ஒரே நாள்ல எப்படி நிறுப்பீங்க?" கூட்டம் கைதட்டியது, அல்லது குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டது. அவர் விடவில்லை. "அப்போ வீட்டுக்கு ஒரு தராசு வைக்கலாமா? தராசு யார் கையில இருக்கும்? உங்க கையிலயா?" என்றார். அதற்கு நான் அசத்தலான பதில் ஒன்று சொன்னேன். இப்போது மறந்துவிட்டது.

அப்போது யாரோ மணி கேட்டார்கள். நான் பெருமையாகக் கையை நீட்டினேன். வெறும் மணிக்கட்டு, அதில் வெள்ளையாய் ஒரு வளையம். அங்கேயே என் உயிர் போய்விட்டது, ஒக்ரான். உன் கல்யாணத்தன்று, அப்பா இல்லாத குறைக்கு உன் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் அழைத்துப்போக வேண்டிய நான் பத்து நிமிடம் தாமதமாக வந்தேன், நீ அந்தப் பத்து நிமிடமும் வாசலில் தனியாக நின்றாய். அன்று மாலை என் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முந்தி வைத்தேன், இன்றுவரை அப்படியேதான் ஓடுகிறது. அதைத்தான் சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் குழந்தையின் கையில் கட்டிவிட்டிருக்கிறேன்.

வாசலில் நின்ற போலீஸ்காரப் பெண்ணிடம் ஓடினேன். ஒரு துண்டுச் சீட்டு உள்ளே அனுப்ப வேண்டும் என்றேன். "ஐயா, இப்போ ஈயக்கூட உள்ளே விடமாட்டோம்" என்றாள். விஷயத்தைச் சொன்னதும், "முந்தி ஓடுதா, பிந்தி ஓடுதா?" என்றாள். முந்தி என்றேன். "அப்போ உக்காருங்க. பிந்தியிருந்தா நானும் சேந்து அழுதிருப்பேன்."

உட்காரவில்லை. பிள்ளைகள் கல்லூரியில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அம்மாக்கள் கதவு முழுக்க அரிசிப் பாகு மிட்டாயை அப்பியிருந்தார்கள். அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து வேண்டிக்கொண்டேன், மிட்டாய் என் முன்மயிரைப் பிடித்துக்கொண்டது. தொப்பிக்காரர்தான் வெந்நீர் வாங்கிவந்து விடுவித்தார். நல்ல மனுஷன். வாதத்தில்தான் பலவீனம்.

சாயங்காலம் கதவு திறந்தது. சோதாம் வெளியே வந்தாள், அந்தப் போலீஸ்காரப் பெண்ணிடம் ஏதோ பேசினாள், பிறகு என்னிடம் வந்தாள். என் தலையைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்குமுன் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டே சொன்னாள்: "மாமா, இது பத்து நிமிஷம் முந்தி ஓடுறதே எனக்கு மறந்துபோச்சு. நேரம் போச்சுன்னு பயந்து வேகவேகமா எழுதினேன். முடிச்சுட்டுப் பாத்தா மணியே அடிக்கல. உங்களாலதான் முடிச்சேன்."

"வேணும்னேதான் குடுத்தேன்" என்றேன்.

ஆகவே, ஒரே தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று தொலைக்காட்சியில் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்று என்று முந்தி ஓடுகிற கடிகாரத்தைக் கொடுத்துவிட்டால் போதும். இதை மாப்பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டு. படகுத்துறையிலும் நாலு பேர் இருக்கும்போது படி. கடல் அடங்கி, கயிறெல்லாம் கனத்து, உங்கள் வீட்டில் சிரிப்பு நிறையட்டும்.

உன் அண்ணன்,
போங்பில்

பி.கு.: வெள்ளி மாலை. இதைத் தபாலில் சேர்க்கப் போனேன். ஆறு மணிக்கு மூடுவார்கள். என் கடிகாரத்தில் ஆறு மணி மூன்று நிமிடம், அதாவது உலகத்தில் இன்னும் ஆறாகவில்லை என்று ஆடி அசைந்து நடந்தேன். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே உள்ளே பார்த்தால் சுவர்க்கடிகாரமும் என் கடிகாரமும் ஒரே மணி காட்டின. நேற்றுப் பள்ளி வாசலில் குனிந்து அவள் சரிசெய்தது பட்டையை அல்ல, முள்ளை. அந்தக் கல்யாணக் கதையைப் பிறந்ததிலிருந்து கேட்டவள், மறப்பாளா? சரியான நேரத்தை வைத்துக்கொண்டு, தன் நேரத்துக்குள் தானே எழுதி முடித்திருக்கிறாள். பிறகு நாள் முழுக்க நின்ற கிழவனுக்குப் பத்து நிமிடத்தைப் பரிசாகக் கொடுத்திருக்கிறாள். மேலே என்னைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. உன் கல்யாண விஷயம் மட்டும் நிஜம். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் மூச்சுவிடாதே. கடிகாரத்தை நான் மறுபடி முந்தி வைக்கவில்லை, அவள் வைத்தபடியே ஓடட்டும். திங்கட்கிழமை தபால் நிலையத்துக்கு நானே பத்து நிமிடம் முன்னால் கிளம்பிக்கொள்கிறேன்.