நாற்காலியைத் துறந்தவர்

மழை பிடித்துக்கொண்டதும் லிஃப்ட் மெக்கானிக் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் குடையோடு மொட்டை மாடிக்கு ஓடினார். படியேறித்தான். அவர் பழுதுபார்க்கும் லிஃப்டெல்லாம் அடுத்தவர் கட்டடத்தில் இருக்கின்றன.

மாடியில் அவருடைய சாய்வு நாற்காலி நனைந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஒரு கால் ஆட்டம். ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்க்கும். ஆனாலும் அதில் சாய்ந்தால்தான் அவருக்கு உயிர் வரும்.

அதை மாடிக்குத் தூக்கிப்போனதும் அவரேதான். எல்லாம் தியான வகுப்பால் வந்தது. மனைவி ஒற்றைக்காலில் நின்று சேர்த்துவிட்டாள். முதல் நாளே ஆசிரியர் கண்ணை மூடியபடி, "உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது ஒரு நாற்காலி. அதை விடுங்க, மனசு தானா அடங்கும்" என்றார். மெக்கானிக்கின் கை தானாகக் குவிந்தது. முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுச் சாமானைச் சொல்லும் ஞானி லேசில் கிடைப்பாரா?

நாற்காலிக்குக் குடை பிடித்துக்கொண்டு அவர் நனைந்தார். காயப்போட்ட துணியை எடுக்க வந்த கீழ்வீட்டுக்காரி ஒரு கணம் நின்று பார்த்தாள்.

"அண்ணா, அதுல உட்கார்ந்துகிட்டே பிடிக்கலாமே."

"உட்காரக் கூடாதும்மா. துறந்துட்டேன்."

வீட்டில் மனைவி தலை துவட்டிவிட்டாள். "மாடியில வச்சா அதுக்குப் பேரு துறவா? இடமாற்றம். யாருக்காவது கொடுத்துடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. கீழ்வீட்டுக்கே கொடுத்தார். அன்று சாயங்காலமே சும்மா பார்க்கப் போனார். கீழ்வீட்டுக்காரர் அதில் மல்லாந்து கிடந்தார். இவருக்கு வயிறு எரிந்தது.

"சார், இடது பக்கம் பாரம் போடாதீங்க. அந்தக் கால் தாங்காது."

மறுநாள் ஸ்க்ரூடிரைவரோடு போனார். அதற்கடுத்த நாள் எண்ணெயோடு. பிறகு சாக்குகூட இல்லாமல் போய், எதிரே தரையில் உட்கார்ந்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டுக்காரர் பொறுமைசாலிதான். ஆனாலும் அதைத் தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டார். "ஒண்ணு இதை நீங்க வச்சுக்கங்க, இல்ல உங்களையும் சேர்த்து நான் வச்சுக்கணும்."

மெக்கானிக் அதன் கைப்பிடியைத் தடவினார். மனைவி மெல்லச் சொன்னாள்: "இவ்வளவு தூரம் வந்துட்டு வழுக்கிடாதீங்க. பழைய சாமான் வண்டி தெருவுல நிக்குது."

அவரே வண்டியில் ஏற்றினார். வண்டி முனை திரும்பியதும், தெருவென்றும் பாராமல் அழுதார். வீட்டுக்கு வந்து காலியான மூலையில் தரையில் சாய்ந்தார். அழுது முடித்தபின் மனசு நிஜமாகவே லேசாகிவிட்டது. அவராலேயே அதை நம்ப முடியவில்லை.

"நீ மட்டும் அந்த வகுப்புல சேர்த்துவிடலைன்னா எனக்கு இந்த ஜென்மத்துல விடிஞ்சிருக்காது" என்றார்.

"என் கையில என்ன இருக்கு? எல்லாம் உங்க பக்குவம்" என்றாள் மனைவி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அப்போது கீழ்வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கதவு மறைவில் தரையில் இருந்தவரை அவள் கவனிக்கவில்லை.

"அக்கா, எங்க வீட்டுக்காரரையும் சேர்த்துட்டேன். அவரோட ஓட்டை ரேடியோவைப் பத்தி நானும் உங்களை மாதிரி வாத்தியார்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிடணுமா?"