வால்மயிர் வாக்கு

அன்றைக்கு நெப்ராஸ்காவின் அந்த மாட்டு ஏலக்கொட்டகையில் மாடுகளைவிட மனிதர்கள்தான் அதிகம். பின்னே, லாயல் டிரெசல் வந்திருக்கிறாரே! காளையின் வால்மயிரைக் கத்தரித்து, அதன்மேல் நூலில் கட்டிய செம்புக்குண்டை ஆட்டி, மரபணுவையே படித்துச் சொல்லும் மகான். பரிசோதனைக்கூடம் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மகானுக்கு ஒரு கிண்ணம் சிலி என்கிற கறிக்குழம்பு குடிக்கும் நேரம் போதும். அதற்குத் தொட்டுக்கொள்ளும் இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியை மென்றபடி ஊரே வரிசை கட்டி நின்றது.

ஆர்லீனும் போன வருஷம் இந்த வரிசையில் நின்றவள்தான். குண்டு சுற்றிச் சுழன்று, "சுகப்பிரசவக் காளை" என்றது. நம்பினாள். கன்றுகள் பெருத்துப்போய், தலையீற்றுக் கிடாரிகள் மூன்று ஈன முடியாமல் அவள் கண்ணெதிரே செத்தன. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. மிச்சக் கிடாரிகளைக் காளைக்கு விடும் காலம் வந்துவிட்டது. பக்கத்துப் பண்ணை கர்டிஸ், தன் காளையை அவள் தலையில் கட்டப் பார்க்கிறான்.

"ஏ ஆர்லீன், என் காளைக்குக் குண்டே நல்ல வாக்கு சொல்லிருச்சு. இன்னும் என்ன யோசனை?"

"இருப்பா. எங்கிட்டயும் ஒருத்தன் இருக்கான். அவனையும் பாத்துரட்டும்" என்று கொஞ்சம் வால்மயிரை மகானிடம் நீட்டினாள்.

குண்டு சுழன்றது. மகான் கண்ணை மூடினார்.

"ஆகா! போன வசந்தத்துல நாப்பது கன்னுக்கு அப்பன்! ஒண்ணுகூடச் சிக்கலில்ல. இவனை வித்துறாதம்மா!"

"நெசமாவா?"

"குண்டு பொய் சொல்லாது தாயி!"

ஆர்லீன் வெளியே போய், அந்த வால்மயிருக்குச் சொந்தக்காரனான பிஸ்கட் என்ற மாட்டைக் கயிற்றில் பிடித்து வந்தாள். கிழவர் ஒருவர் குனிந்து அதன் பின்னங்கால் நடுவே பார்த்தார்.

"அடப்பாவி! இது காயடிச்ச மாடுய்யா!"

"கன்னுக்குட்டியிலயே அடிச்சாச்சு" என்றாள் ஆர்லீன். கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது.

"கூட்டத்துல... அதிர்வு கலஞ்சுபோச்சு..." மகான் குண்டைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"அதிர்வாம் அதிர்வு!" என்றாள் ஆர்லீன். "பரிசோதனைக்கூடத்துல மயிரை வேரோட பிடுங்கித்தான் கேக்குறாங்க. வேர்லதான்யா விஷயம். நீ கத்தரிச்சது தொடப்பத்துக்குத்தான் ஆகும்."

கர்டிஸ் தலையைச் சொறிந்தான். "இருந்தாலும் என் காளைக்குச் சொன்னது பலிக்கலாமில்ல?"

"வேரோட நாலு மயிர் குடு, கூடத்துக்கு அனுப்பறேன். கொஞ்சம் தாமசமானா குடி முழுகிறாது. செத்த கிடாரிங்கதான் திரும்பி வராது." பிறகு வரிசையில் இன்னும் கலையாமல் நின்றவர்களைப் பார்த்தாள்.

"கன்னுக்குக் காயடிச்சா கறியாவது தேறும். மூளைக்கு அடிச்சுக்கிட்டா என்னய்யா தேறும்?"