முன் சீட்டில் சார் இருக்கிறார்

பேய்க்குப் பயப்படுகிறவர்களால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. எலுமிச்சம்பழச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பேயே கிடையாது என்று மேசையைத் தட்டிச் சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில் அப்படி ஒருவன் இருந்தான். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினான். வருடம் தவறாமல் பிள்ளைகளுக்கு மூடநம்பிக்கை ஒழிப்பு வகுப்பும் எடுத்தான். அவனுக்கு ஒரு கார் வாங்கும் ஆசை வந்தது. (வேறு யாருமில்லை, அடியேன்தான்.)

சித்தூர்ப் பக்கம் கணக்கு வாத்தியார் ஒருவர் காலமாகி, வெளியூரில் வேலை பார்க்கும் அவர் மகன் காரை விற்பதாகக் கேள்விப்பட்டோம். என்ன மாடல் என்று சொல்ல மாட்டேன். அதை வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு எதற்குப் பொல்லாப்பு? கீறல் இல்லாத வண்டி. அம்மாவையும் மனைவி மலரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் டிங், டிங் என்று மணி அடிக்கத் தொடங்கியது. ஸ்டியரிங்குக்கு மேலே பெல்ட் போட்ட ஒரு சின்னச் சிவப்பு மனிதன் எரிந்து எரிந்து அணைந்தான்.

“ஏன்டா கண்ணு, ஆரு மணி அடிக்கறாங்க?” என்றார் அம்மா.

“அது ஒண்ணுமில்லம்மா. சீட்டுக்கு அடியில ஒரு சென்சார் இருக்கும். முன்னாடி உக்காந்திருக்கறவங்க பெல்ட்டுப் போடலைன்னா அடிக்கும்” என்று வகுப்பறைக் குரலில் விளக்கினேன். சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

கொழிஞ்சாம்பாறை வரும்வரை மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் மலர் எட்டி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மணி சட்டென்று நின்றது. அவள் மெல்லக் குனிந்து, “சாருங்களா?” என்று கேட்டாள்.

அன்று முதல் அந்த சீட் சாருடையது. அம்மா அதில் ஒரு துண்டு விரித்தார். ஆயுத பூஜைக்கு எல்லாச் சக்கரத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு, அந்த சீட்டின் தலைப்பகுதிக்கும் சந்தனம் வைத்தார். இறங்கும்போதெல்லாம் “வரமுங்க சார்” என்று விடைபெற்றார். யார் வந்தாலும் பின்னால்தான். மாமனாரே நெருக்கியடித்துக்கொண்டு மூட்டு வலியோடு பின்னால் வந்தார். நான் சிரித்தேன், கேலி செய்தேன். ஒருநாள் ஷெட்டுக்குள் நிழலில் நின்ற வண்டியில் தனியாக உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த சீட்டில் கை வைத்துப் பார்த்தேன். இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

இதற்கிடையில் எனக்கு ஒரு போன் வர ஆரம்பித்தது. ஒரு பெண் குரல், பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக.

“ஸாரே, உங்க வண்டி மாடலுக்கு ஒரு ரீகால் வந்திருக்கு, கம்பெனி திரும்பக் கூப்பிடுது. முன் சீட்டு சென்சார்ல பிரச்சினைன்னு நிறையக் கம்ப்ளைன்ட். கொண்டு வாங்க ஸாரே, ஃப்ரீயா மாத்தித் தர்றோம்.”

அந்த ‘ஃப்ரீயா’வில்தான் நான் உஷாரானேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆன்லைன் மோசடி விழிப்புணர்வுக்கும் நான்தான் பொறுப்பு. இலவசம் என்று எவன் கூப்பிட்டாலும் திருடன் என்று பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவன், நானே ஏமாந்தால் எப்படி?

“ஏம்மா, உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?” என்றேன்.

அந்தப் பெண் நம்ப வைப்பதற்காக என் வண்டியின் சேசிஸ் நம்பரையே சொன்னாள். திருடர்கள் இந்த அளவுக்கு முன்னேறிவிட்டார்களே என்று வியந்து, போலீசில் சொல்வேன் என்று மிரட்டி, அந்த நம்பரைத் தடை செய்தேன். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாள். அதையும் தடை செய்தேன். மறுநாள் வகுப்பில் இதை ஒரு வீரக்கதையாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன்.

அப்போதுதான் என் தங்கை சுமதிக்குக் கட்டுச்சோறு விருந்து வந்தது. எங்கள் பக்கத்தில், முழுகாமல் இருக்கும் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவரப் போகும்போது, வகை வகையாகச் சோறு ஆக்கிப் பாத்திரங்களில் கட்டிக்கொண்டு போக வேண்டும். சுமதியைக் கட்டிக்கொடுத்த இடம் மலைமேல் சின்னக்கானல். மாப்பிள்ளை செல்வம் தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலை. ரொம்ப நாள் ஏங்கி, மருந்து மாயமெல்லாம் பார்த்து, அதற்குப் பிறகு தங்கிய பிள்ளை. அவளைக் குலுங்காமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் ஒரே கவலை.

உடுமலை, மறையூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். விருந்து நன்றாகவே முடிந்தது. புறப்படும்போது செல்வத்தின் அம்மா, “வெறும் பாத்திரத்தோட அனுப்புவமா மதினி?” என்று எங்கள் போசிகளில் அரிசியும் வெல்லமும் நிறைத்துப் பின்னால் ஏற்றினார். எதிர்மரியாதை. அரிசி என்றால் உயிரை விடும் யானைகள் திரிகிற காட்டில், மணக்க மணக்க ஒரு வண்டி அரிசியோடு நாங்கள் புறப்பட்டோம். (அந்த ஊர்க்காரர்களுக்கே தோன்றவில்லை. சம்பந்தி மரியாதை என்று வந்துவிட்டால் யானையெல்லாம் கணக்கில் வராது.)

வண்டியில் ஏறும்போது சண்டை வந்தது. மலைவளைவில் பின்னால் உட்கார்ந்தால் சுமதிக்குக் குமட்டும், முன்னால்தான் உட்கார வேண்டும் என்றேன். கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, துண்டையும் உருவினேன். சுமதி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

அம்மா அவள் தோளைப் பிடித்துவிட்டார். “அவிய உக்காந்திருக்கற எடம். என்ற மவ அதுல உக்கார வேண்டாம்.”

“செத்துப்போனவருக்கு சீட்டு, புள்ளத்தாச்சிக்கு இல்லையா? இது எந்த ஊர் நியாயம்மா?” என்று கத்தினேன்.

“உன்ற நியாயத்தைப் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லு.”

சுமதி பின்னால் போய் ஏறினாள். நான் கதவை அறைந்து சாத்தினேன்.

செல்வம் மெயின் ரோடு வரை வழி காட்ட பைக்கில் முன்னால் போனான். மதியம்தான். ஆனால் பனிமூட்டம் இறங்கியிருந்தது. தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்தன. பிறகு செல்வத்தின் பைக்கும் மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றது.

பனிக்குள்ளிருந்து செல்வம் நடந்து வந்தான். பைக் இல்லை.

“மச்சான், எஞ்சின அமத்துங்க. லைட்டு வேண்டாம், ஹாரன்ல கை வச்சிராதிய. கொம்பன் பக்கத்துலதான் நிக்கான். எந்தப் பக்கம்னு தெரியல.”

முன் கதவின் கைப்பிடியில் கை வைத்தவன், அம்மா தலையை ஆட்டியதைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டான். (மாமியார் சொல்லைத் தட்டாத மாப்பிள்ளை.) பின் சீட்டில் நாலு பேர், முன் சீட்டில் யாருமில்லை. நான் எஞ்சினை அணைத்தேன். கண்ணாடியை ஏற்ற வேண்டியிருந்ததால் சாவியை முழுக்கத் திருப்பாமல் விட்டேன்.

முதலில் வாடைதான் வந்தது. நனைந்த சாக்கும் பிடுங்கிய புல்லும் சேர்ந்த வாடை. அப்புறம் பின் கண்ணாடி இருண்டது. வெளியே ஏதோ ஒன்று நீளமாக, நிதானமாக மூச்சை இழுத்தது. வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது. போசிகள் ஒன்றோடொன்று உரசிக் கொண்டன. சுமதி தன் முந்தானையைக் கடித்துக் கொண்டாள்.

அந்த அமைதியில், டிங் என்று அடித்தது.

டிங். டிங். சிவப்பு மனிதன் எரிந்து எரிந்து அணைந்தான். நான் கழற்றிய பெல்ட்டை மறுபடி மாட்டவில்லை; அதுவரை எப்படியோ சும்மா இருந்த மணி இப்போதுதான் விழித்துக்கொண்டது. பின்னால் இழுபட்ட மூச்சு நின்றது. அது காது கொடுத்துக் கேட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“சாருக்குப் பெல்ட்டப் போட்டு உடுடா” என்றார் அம்மா, உதடு மட்டும் அசைய.

கையை நீட்டினேன். பெல்ட் இரண்டு முறை நழுவியது. மூடநம்பிக்கை ஒழிப்பு வகுப்பெடுக்கும் இந்த வாத்தியார், காலி சீட்டைப் பார்த்து, “சார், ஒரு நிமிஷம், தப்பா நெனைக்காதீங்க” என்று கெஞ்சினேன். சத்தியமாகக் கெஞ்சினேன். பெல்ட் மாட்டியது.

மணி நிற்கவில்லை. இன்னும் வேகமாக அடித்தது. கையை நான் இழுத்துக்கொண்ட அடுத்த நொடி, காதுக்குள் வேட்டு வெடித்தது. முன் சீட்டில் வெள்ளையாக ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

தலை இல்லை, கை இல்லை. வெறும் வெள்ளை உடம்பு. வண்டியெங்கும் வெள்ளைப் பொடி பறந்தது. நான் அலறினேனா என்று எனக்கு நினைவில்லை. (அலறினேன் என்று நாலு சாட்சிகள் இருக்கிறார்கள்.) பின்னால் மரம் முறியும் சத்தம், பள்ளத்தில் பெரிய உடம்பு ஒன்று சரிந்து ஓடும் சத்தம். பிறகு பனி மட்டும் இருந்தது. வெள்ளை உருவம் மெதுவாகப் பெருமூச்சு விட்டு, சுருங்கி, சார் மடியில் தொங்கியது.

“காப்பாத்திட்டீங்க சாமி” என்று அம்மா கும்பிட்டார். பறந்த பொடியைத் தொட்டு எல்லோர் நெற்றியிலும் திருநீறாகப் பூசினார். செல்வம் மறுபேச்சில்லாமல் நெற்றியைக் காட்டினான். நானும் காட்டினேன்.

மெயின் ரோட்டுத் தேநீர்க் கடை வந்து நிறுத்திய பிறகுதான் வெளிச்சத்தில் பார்த்தேன். அது ஏர்பேக். மோதலும் இல்லை, ஒன்றும் இல்லை, தானாக வெடித்திருக்கிறது. முன் பலகையின் மூடி பிய்த்துக்கொண்டு போய் சீட்டின் நடுவில் குத்தி நின்றது. உட்கார்ந்தால் வயிறு வருகிற இடம். சுமதி அந்தப் பக்கம் நின்று வெல்லக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் பின்னால் போய், அழுது தீர்த்து, முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பாலக்காட்டு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டபோது, வரவேற்பில் இருந்த பெண் என் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கினாள்.

“ஸாரே, போலீஸ்ல சொல்லுவேன்னு சொன்ன ஸார் நீங்கதானே?”

நான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்காமல், “அந்த சென்சார் கெட்டா மணியும் அடிக்கும், ஏர்பேக்கும் தானா வெடிக்கும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். அங்கே உக்காருங்க” என்றாள்.

காத்திருந்த இடத்தில் அதே மாடலுக்காக வந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டினார். “எங்க அத்தா மவுத்தாகி அடக்கம் பண்ணின வாரந்தான் எனக்கு மணி அடிச்சுது. அத்தாவுக்குப் பிடிக்குமேன்னு தினம் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன், போங்க!” என்றார். மூலையில் இருந்த அம்மாள் ஒருவர் இறந்துபோன தன் தம்பியைச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அந்த மாடல் எத்தனை ரோடுகளில் ஓடுகிறது, எத்தனை காலி சீட்டுகளுக்கு எத்தனை பேர் பெல்ட் மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

சென்சார், பை, எல்லாம் மாற்றினார்கள். மணி நின்றுபோனது. சாரின் மகனுக்கும் தகவல் சொல்வதுதான் முறை என்று வீட்டுக்கு வந்து போன் செய்து, எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன்.

“அந்தச் சத்தமுங்களா?” என்றார் அவர். “அது அப்பா இருக்கறப்பவே உண்டுங்க. எங்கம்மா போன பொறவு ஆரம்பிச்சுது. அம்மாதான் கூட வர்றாங்கன்னு சொல்லி, தெனமும் பெல்ட்டுப் போட்டு உடுவாருங்க.”

போனை வைத்தேன். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“அட பாவமே! இத்தன நாளும் ஒரு பொம்பளயவா சார் சார்னு கூப்புட்டுட்டு இருந்தோம்?”

மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுமதி சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதானே பார்த்தேன்” என்றார் அம்மா கடைசியில். “சாரா இருந்திருந்தா, புள்ளத்தாச்சி நிக்கறாளேன்னு எந்திரிச்சு எடம் உட்டிருப்பாரு. அந்தம்மா வெவரம். எந்திரிக்கவே இல்ல பாரு.”

சுமதிக்கு மகள் பிறந்தாள், நலமாக இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் இப்போது பஸ்ஸில் இடம் கேட்டுச் சண்டை போடுவதில்லை. யாராவது அசையாமல் உட்கார்ந்திருந்தால், “உட்ருங்க, அந்தம்மா வெவரம்” என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றே வருகிறோம்.