ஒரு பேன்ட்டுக்கு மூன்று விலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள்; இல்லையென்றால் இதற்குள் அவள் மூன்று முறை போன் செய்து என்னைத் திட்டியிருப்பாள்.

நிற்க. நேற்று அவள் போன் செய்து, "அப்பா, அம்மா கடையில என்ன கலாட்டா? பல் டாக்டர் பேனாவும் கையுமா சுவத்துல ஏறினாராமே?" என்று கேட்டாள். அவர் சுவரில் ஏறவில்லை, ஸ்டூலில்தான் ஏறினார். ஐம்பது நிமிடத்துக்குக் குறைவாக எதையும் விளக்கிப் பழக்கம் இல்லாதவன் நான். போனில் அதற்குக் காசு ஆகும் என்பதால் உங்களுக்கே விவரமாக எழுதிவிடுகிறேன். விலை வைப்பது பற்றி நீங்கள் எழுதி அனுப்பிய பதினொரு பக்கத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பதால், விளைவுகளை அறிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

போன மாதம் முதல் வாரம், கடைக்கு மேலே குடியிருக்கும் கட்டடச் சொந்தக்காரர், அதாவது நம் மாடிக்காரர், இறங்கி வந்தார். அடுத்த மாதத்திலிருந்து வாடகை கால்வாசி கூடும், சம்மதம் என்றால் மாதக் கடைசிக்குள் கையெழுத்து, இல்லையென்றால் காலி செய்து சாவியைக் கொடுங்கள் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் அத்தை பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, சட்டைக்கு இடுப்பு பிடிப்பது என்று இருபத்திரண்டு வருடமாக அந்த ஒற்றை அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவர் போனதும், "மூடிடலாம்ங்க. எதிர்ல ரெடிமேட் கடைக்காரன் துணி வாங்கினா உயரம் குறைச்சு சும்மாவே தர்றான். நான் எங்கேர்ந்து கால்வாசி ஏத்துறது?" என்றாள். சொன்னது பெரிதில்லை, பேச்சு எதுவானாலும் கால் பெடலில் இருக்கும் பெண், அன்று அரை மணி நேரம் மெஷினை ஓட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அன்று மாலையே மகளிடம் சொன்னேன், அவள் உங்களிடம் சொன்னாள், மறுநாள் காலை உங்கள் பதினொரு பக்கம் வந்தது. நான் அதை மூன்று முறை படித்துச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். எழுத்துப் பிழை நான்கு இருந்தது. அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

முதலில் உங்கள் இரண்டாம் பக்கத்தை அமலாக்கினேன். இருபது என்று இருக்கும் விலையைப் பத்தொன்பது என்று எழுதினால், படிப்பவர் மனதில் அது பத்தை ஒட்டிய விலையாகத் தோன்றும் என்று எழுதியிருந்தீர்கள். கடையில் விலைப்பலகை என்பது நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டு வந்த கரும்பலகைதான். துடைத்துவிட்டுப் பத்தொன்பது என்று அழகாக எழுதினேன். அன்றைக்கு வந்த பதினாறு பேரும் இருபதை நீட்டினார்கள். திருப்பிக் கொடுக்க ஒற்றைக் காசு இல்லை. உங்கள் அத்தை ஆளுக்கொரு பட்டனைக் கொடுத்து அனுப்பினாள். நான்கு நாளில் பட்டன் டப்பா காலி. ஐந்தாம் நாள் பேங்கு காசாளர், தானும் கூட வேலை செய்பவர்களும் வாங்கிய ஒன்பது பட்டனைக் கவுண்டரில் வரிசையாக வைத்து, "சார், இதைக் காசா மாத்திக் குடுங்க" என்றார். ஒரே அளவில் இல்லையே என்றேன். "நான் வாங்கும்போது அதைச் சொன்னீங்களா?" என்றார். பேங்குக்காரரிடம் கணக்கில் வாதாட முடியுமா? அன்றோடு இரண்டாம் பக்கத்தை மூடினேன்.

அடுத்தது நான்காம் பக்கம். ஒரே பொருளை மூன்று தரமாக வைத்தால் ஜனங்கள் நடுவில் இருப்பதை எடுப்பார்கள் என்று இருந்தது. நல்ல யோசனைதான், வகுப்பில்கூடப் பையன்கள் நடு பெஞ்சுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். சாதாரணம் பதினைந்து, சிறப்பு இருபது, மிகச் சிறப்பு முப்பது என்று எழுதினேன். உங்கள் அத்தை பார்த்துவிட்டு, "ஜிப்புல என்னங்க சாதாரணம்?" என்றாள். பெண்களுக்கு வியாபார நுணுக்கம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். இந்த வாக்கியத்தை அவள் படிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் வந்தவர் பஸ் டிரைவர். பலகையை மெதுவாகப் படித்தார்.

"சார், மிகச் சிறப்பு ஜிப் போட்டா என்ன விசேஷம்?"

"நடு வழியில திறந்துக்காது" என்றேன்.

"அப்போ சாதாரணம் போட்டா திறந்துக்குமா?"

நான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் மூன்றும் ஒரே ஜிப். பொய் சொன்னால் அறுபது பயணிகளுக்கு முன்னால் அவர் மானம்.

"வேணாம் சார், நான் நின்னுக்கிட்டு ஓட்ட முடியாது, உட்கார்ந்துக்கிட்டுதான் ஓட்டணும். நீங்க முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மெஷினுக்குப் பின்னால் உங்கள் அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை.

இதற்குள் மாதத்தில் பாதி போய்விட்டது, வருமானம் கால்வாசி கூடுவதற்குப் பதில் ஒரு பஸ் டிரைவர் குறைந்திருந்தது. அப்போதுதான் ஏழாம் பக்கத்துக்கு வந்தேன். பொருளைப் பிரிக்காதே, வாங்குகிறவர்களைப் பிரி. யாரால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவரிடம் அவ்வளவு வாங்கு. இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: சினிமா கொட்டகையில் முன்னால் உட்காருபவருக்கு ஒரு விலை, பின்னால் உட்காருபவருக்கு ஒரு விலை. படம் ஒன்றுதான். கூடக் கொடுத்தவருக்காகக் கதாநாயகன் தனியாக ஒரு சண்டை போடுவதில்லை. ஆனாலும் இரண்டு பேரும் திருப்தியாக வீட்டுக்குப் போகிறார்கள். அட, இவ்வளவுதானா மார்க்கெட்டிங், இதைத்தானே பள்ளியில் நாம் காலமெல்லாம் செய்தோம் என்று எனக்கு உடம்பெல்லாம் உற்சாகம் வந்துவிட்டது.

பரணில் எழுதாத வருகைப் பதிவேடு ஒன்று இருந்தது. எடுத்துத் தூசி தட்டி, வழக்கமாக வரும் நாற்பத்தொரு பேரையும் எழுதி, அ, ஆ, இ என்று மூன்று பிரிவாகப் போட்டேன். அளவுகோல் சுலபம். வாசலில் நுழையும்போதே எவ்வளவு ஆகும் என்று கேட்பவர் இ பிரிவு. துணியைக் கொடுத்துவிட்டுக் கேட்பவர் ஆ பிரிவு. திரும்ப வாங்கும்போதுகூடக் கேட்காமல் கையில் வந்ததை நீட்டுபவர் அ பிரிவு. அ பிரிவுக்கு முப்பது, ஆ பிரிவுக்கு இருபது, இ பிரிவுக்குப் பதினைந்து. ஒவ்வொருவருக்கும் குறிப்பும் எழுதினேன். "வசதி உண்டு, முயற்சி போதாது." "நல்ல குணம், பேரத்தைக் குறைத்துக்கொண்டால் முன்னேறலாம்." இதுவரை நான் செய்ததில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். தவறு மறுநாள் காலையில் நடந்தது. முப்பத்து நான்கு வருடம், பள்ளி திறக்கும் அன்று பிரிவுப் பட்டியலைக் கதவோரம் ஒட்டிப் பழகிய கை. பிரிவு என்று ஒன்று இருந்தால் பட்டியல் ஒட்ட வேண்டாமா? ஒட்டிவிட்டேன். விலையை எழுதவில்லை, பெயரை மட்டும்தான். தெளிவான கையெழுத்தில், மேலே பெரிதாக அ, ஆ, இ.

பத்து மணிக்குப் பல் டாக்டர் வந்தார். பட்டியலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"ஏன் சார், மருந்துக்கடைக்காரர் 'அ'. நான் 'ஆ'வா?"

"டாக்டர், அது வெறும் வியாபார ஏற்பாடு. அ பிரிவுன்னா விலை ஜாஸ்தி."

"இருக்கட்டும். நான் சீட்டு எழுதிக் குடுத்தாத்தான் அவருக்கு வியாபாரமே. நான் எதுல அவரைவிடக் குறைஞ்சு போயிட்டேன்?"

"பத்து ரூபாய் கூடக் கொடுக்கணும், பரவாயில்லையா?"

"பதினைஞ்சு கூடவே வாங்கிக்குங்க!" என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஆ பிரிவில் தன் பெயரை அடித்து, அ பிரிவில் மருந்துக்கடைக்காரருக்கு மேலே எழுதிக்கொண்டார். சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வந்து, தன் பெயருக்கு மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு, பிரிக்க வேண்டிய தேவையே இல்லாத இரண்டு கோட்டைக் கொடுத்துப் பிரித்துத் தைக்கச் சொன்னார். ஒரே வாரத்தில் பதினான்கு பேர் மேல் பிரிவு கேட்டு வந்தார்கள். முடிவெட்டுகிறவர் யாரிடமிருந்தோ சிபாரிசுக் கடிதமே கொண்டு வந்தார். "இரண்டு நாள் பேரம் பேசாம இருங்க, பார்க்கலாம்" என்றேன். உண்மையிலேயே இருந்தார். கல்லாப்பெட்டி நிரம்பிச் சரியாக மூடவில்லை, மாப்பிள்ளை. உங்களை மெச்சி இரண்டு பக்கம் கடிதம்கூட எழுதி வைத்தேன்.

அதை அனுப்பாததற்குக் காரணம், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அம்மா. பிள்ளைகளின் சீருடை மூன்றைக் கொண்டு வந்திருந்தார். நான் இ பிரிவில் போட்டு ஐந்து குறைத்திருந்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பட்டியலில் தன் பெயரைக் கண்டுபிடித்தார். அந்த நேரம் முடிவெட்டுகிறவர் பக்கத்தில் நின்று, "இ-ல போட்டுட்டாங்களா? கவலைப்படாதீங்க, நானும் அங்கேர்ந்துதான் வந்தேன்" என்று ஆறுதல் சொன்னார். அந்த அம்மா கவுண்டரில் வைத்த சீருடையைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மெஷின் நின்றது. "ஏங்க, விலையைக் குறைச்சீங்க, சரி. மனுஷியை ஏன் குறைச்சீங்க?" என்றாள் உங்கள் அத்தை. "அவங்க இருபது வருஷமா வர்றாங்க. ஒரு நாளாவது 'குறைச்சுக் குடு'ன்னு கேட்டிருப்பாங்களா? இந்தக் கடை இப்படித்தான் நடக்கணும்னா, நாளைக்கே சாவியைக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

 எத்தனை பிள்ளைகள் அந்த மாதிரிப் பட்டியலுக்கு முன்னால் நின்று ஒன்றும் பேசாமல் போயிருப்பார்கள் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் வேலை முடியும் நேரம் வரை காத்திருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும், "யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்று பதறினார். எனக்குத்தான், புத்தியில், என்றேன். சிரித்துவிட்டார். "எம் பேரை மட்டும் சுவத்துலேர்ந்து எடுத்துடுங்க சார். நாளைக்குத் துணி கொண்டாறேன்" என்றார். அவர் பெயரை மட்டுமா எடுப்பது? பட்டியல் மொத்தத்தையும் கிழித்தேன். பதிவேட்டை அத்தையிடம் ஒப்படைத்தேன். கரும்பலகையைத் துடைத்து, "பேன்ட் உயரம் குறைக்க இருபது. எல்லோருக்கும் இருபது" என்று எழுதினேன். பல் டாக்டர் மட்டும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உங்கள் அத்தை மாடிக்குப் போய், ஏற்றிய வாடகைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். எப்படிச் சமாளிப்பாய் என்றேன். "பாத்துக்கலாம்" என்றாள். மெஷின் ஓடுகிறது. ஆக, நான் கண்டறிந்த உண்மை இது: நேர்மையான ஒரே விலைக்கு மிஞ்சியது இல்லை. ஜனங்களைப் பிரிக்க வேண்டாம், அளக்க வேண்டாம். கடை மூடாமல் நிற்பதே சாட்சி. ஆகவே பன்னிரண்டாம் பக்கம் என்று ஒன்று இருந்தால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். உங்கள் கம்பெனியிலும் மேலதிகாரிகளிடம் இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். தேவையானால் இந்தக் கடிதத்தைக் காட்டலாம்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கும் பொறுமையோடும் இருக்க மனமார வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். பெண்களும் வியாபார நுணுக்கமும் பற்றிய வாக்கியத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு, "ஒரே விலையா? யார் அந்தப் பலகையைப் பார்த்துக் காசு குடுத்தாங்க?" என்று கேட்டாள். விசாரித்ததில் தெரிய வந்தது: நான் கல்லாவில் உட்கார்ந்த சில நாட்களைத் தவிர, இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட இருபது கொடுத்ததில்லையாம். ஆஸ்பத்திரி அம்மாவுக்குப் பத்து, "மிச்ச நூல்லதான் தைச்சேன்" என்று சொல்லி. பல் டாக்டருக்கு முப்பத்தைந்து, "உங்களுக்குன்னு தனியா நூல் வாங்கினேன்" என்று சொல்லி. இரண்டும் ஒரே நூல்கண்டு. பதிவேட்டில் நான் போட்ட மூன்று பிரிவு போதாதாம், அவளுக்கு மொத்தம் எட்டு. இருபத்தாறு பேரைத் தப்பான இடத்தில் போட்டிருக்கிறேனாம், சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தாள். வாடகை எப்படி என்றேன். மாடிக்காரர் வீட்டில் ஏழு பேர், ஏழு பேர் துணியும் நம்மிடம்தான் வருகிறது, அவர் ஏற்றியதை அவரிடமே வாங்கிக்கொள்வாளாம். ஆகவே மேலே எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டாம். மாப்பிள்ளை எந்தப் பிரிவு என்று கேட்டேன். போன தடவை உங்கள் கோட்டுக்குக் கை குறைத்துக் கொடுத்தபோது, "சொந்தம்னு பார்க்காதீங்க அத்தை, வாங்கிக்குங்க" என்று நீங்கள் நாற்பதைத் திணித்தீர்களாம். கடை திறந்த நாளிலிருந்து அதற்கு மேல் யாரும் கொடுத்ததில்லையாம். அடுத்த முறை வரும்போது இரண்டு கோட்டாகக் கொண்டு வரச் சொன்னாள்.